பேப் ரூத்தும் சகோதரர் மத்தியாஸும்

பேஸ்பால் பந்தாட்ட வீரர் பேப் ரூத்தை அறிவீரல்லவா? 1895-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தவர். தகப்பனார் நடத்தியதோ மதுக்கடை. பையன் பள்ளிக்கூடம் போகாமல் தெருவில் திரிந்து புகையிலை மென்றான். அடங்காப்பிள்ளையென்று 1902-ல், 7 வயதில், அர்ச். மரியன்னை தொழிற்பள்ளியில் விட்டுவிட்டார்கள்.

அங்கே ஒழுங்கைக் காத்தவர் சவேரியார் சபைச் சகோதரர் மத்தியாஸ். ஆறடிக்கு மேற்பட்ட ஆகிருதி. ஆனால் சத்தம் போடமாட்டார். பையனுக்கு எழுத்துக் கற்பித்தார். பந்தை அடித்துக் கொடுத்துப் பிடிக்கப் பழக்கினார். அவன் அவருடைய நடையைக்கூடப் பின்பற்றினான்! தையல்கூடத்தில் சட்டை தைக்கவும் கற்றான்.

1914-ல் வெளியேறியவர் 1927-ல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். புகழ் வந்தபின் குடியிலும் கேளிக்கையிலும் தவறியதுமுண்டு, மறைப்பானேன்? ஆயினும் பள்ளியை மறக்கவில்லை. 1919-ல் அது தீக்கிரையாகவே, மறுவருஷம் அதன் பாண்டு வாத்தியச் சிறுவர்களைத் தம் குழுவோடு ஊர் ஊராய் அழைத்துப்போய்ப் பணம் திரட்டினார். சகோதரருக்கு மோட்டார் காரும் வாங்கிக் கொடுத்தார்.