மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடித் தந்த கோ.சா.

திருவாரூரில் 1903-இல் பிறந்த தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1924-இல் சிங்கப்பூர் வந்தார். 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் திட்டம் வந்தபோது, சமஸ்கிருதத்துக்கே முதன்மை தரும்படி பரிந்துரைக்கப்பட்டது. மலாயா இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மொழி பின்னுக்குத் தள்ளப்படுவதைக் கோ.சா. ஏற்கவில்லை. முரசில் தொடர்ந்து எழுதினார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும் நகரத்துத் தொழிலாளர்களும் இயன்றதைக் கொடுத்தனர்.

1956-இல் சிங்கப்பூரில் அத்துறை தமிழோடு தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. கோ.சா. 1974-இல் மறைந்தார். இன்று அங்கே தமிழ் படிக்கும் பிள்ளைகளின் இருக்கை சலுகையாக வந்ததன்று. அவர்களின் தாத்தா பாட்டி தலைமுறை தந்த வெள்ளியும் அதில் இருக்கிறது.