பனிக்கடலுக்குப் படகு சமைத்த கொலின் ஆச்சர்

வெள்ளவத்தைக் கரையிற் புகைவண்டிப் பாதையருகே நின்று கடலைப் பார்த்தவரும், கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக் கப்பல்களை எண்ணிப் பொழுது கழித்தவருமாகிய நம் பழைய மாணவர்க்குக் கப்பற்கதை புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்த வரலாற்றைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனைக் கட்டிய ஓடாவியின் பெயரைச் சொல்லக் கேட்டோமல்லோம். ஆதலின், பெயர் நிலைத்த ஓர் ஓடாவியைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

கொலின் ஆச்சர் 1832இல் நோர்வேயின் லார்விக் நகரிற் பிறந்தார். பெற்றோர் ஸ்கொற்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர். இளமையிற் குயின்ஸ்லாந்து சென்று சகோதரரோடு பண்ணைத்தொழில் புரிந்து, 1861இல் ஊர் மீண்டார். கப்பற்கலையைப் பெரும்பாலும் தாமே பயின்றார். கப்பல்களுக்கு வழிகாட்டுவோர் அந்நாளிற் செலுத்திய படகுகள் ஆழமற்றவை, மேற்றளமற்றவை. புயலிற் கவிழ்ந்து பலர் மாண்டனர். ஆச்சர் அவற்றை ஆழமாக்கி, மேற்றளமிட்டு, அடிமரத்தில் இரும்புப் பாரம் பூட்டினார். அவர் படகுகளில் அணியத்தைப் போலவே அமரமுங் கூரானது.

1881இல் ஜெனற் என்னுங் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியால் நசுக்குண்டது. அதன் எச்சங்கள் மூன்றாண்டின் பின் கிறீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. பனியைச் சுமந்து செல்லும் நீரோட்டம் ஒன்றுண்டென்று துணிந்த நான்சன், கப்பலைப் பனியில் உறையவிட்டே வடதுருவப் பக்கம் மிதந்து செல்லக் கருதினார். அனுபவமிக்க கடலோடிகள் பலர் இதனைத் தற்கொலை முயற்சி என்றே கொண்டனர். விடைகூறும் பொறுப்பு ஆச்சர்மேல் விழுந்தது. பதின்மூவர் உயிர் அவர் கைவேலையில் தங்கியிருந்தது.

1892இல் நீரில் இறங்கிய பிராம் என்னும் அக்கப்பல் 39 மீற்றர் நீளமும் 11 மீற்றர் அகலமுங் கொண்டது. பனி பற்றிப்பிடிக்க இடமின்றித் தேங்காய்ப் பாதிபோல உருண்ட வயிறு. விரலிடை நசுக்கிய புளியங்கொட்டை வழுக்கி எழுமாறுபோல, நெருக்கினால் மேலெழ வேண்டுமென்பதே சூழ்ச்சி. சுக்கானையும் சுழலியையும் உள்ளே உயர்த்திக்கொள்ளலாம். திறந்த கடலில் அது தாங்கொணாதபடி உருண்டாடியது உண்மையே. ஆச்சர் அதனை அறிந்தே விலையாகக் கொடுத்தார். 1895 சனவரியிற் பனிமலை பக்கத்தே குவிந்து நெருக்கவே, மாலுமிகள் உணவுப்பொருள்களை வெளியேற்றி ஆயத்தமாயினர். கப்பலோ மேலெழுந்தது. 1896 ஓகத்தில் அது பனியினின்றும் விடுபட்டது. பின்னர் அமுண்ட்சனைத் தென்பனிக்கடலுக்குக் கொண்டுசென்றதும் அதுவே.

எனினும், பிராமினும் மேலாக நாம் மதிப்பது 1893இல் அவர் மீட்புச் சங்கத்துக்குச் சமைத்த சிறு பாய்ப்படகையே. மீனவர் தொழில்செய்யும் இடத்திலேயே புயலிலும் தரித்துநின்று உதவுவதற்காக அது கட்டப்பட்டது. 1894 மே மாதத்தில், நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்னிங்பேர்க்கில் மீன்பிடி வள்ளங்கள் கடும்புயலில் அகப்பட்டன. அந்தொனிசன் என்னுந் தலைவர் அப்படகை இருமுறை கொந்தளிப்புக்குட் செலுத்தி 36 பேரை மீட்டார். அதன்பின் அவ்வமைப்பிலே பல படகுகள் எழுந்தன.

ஆச்சர் 1921இல் மறைந்தார். அவர் மரபில் வந்த வரைபடங் கொண்டு பம்பாயிலே தேக்கினாற் கட்டிய சுகைலி, 1969இல் எங்குந் தரிக்காது உலகைச் சுற்றிவந்த முதற் தனிப் பயணத்தை முடித்தது. பிராம் இன்று ஒஸ்லோவில் ஒரு கூரையின்கீழ் இருக்கின்றது. மீட்புப் படகோ நெடுங்காலத்தின் பின் அமெரிக்காவிலே கண்டுபிடிக்கப்பட்டு, நோர்வே திரும்பி, லார்விக் நீரிலே மீண்டும் பாய் விரிக்கின்றது.