செவிலியர் கல்விக்கு வழி திறந்த ஐடா ஸ்கடர்

இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்து அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைப் பேணுவதற்காகப் புதுச்சேரியை அடுத்த திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஓரிரவு, பேறுகால வேதனையிலிருந்த மூன்று பெண்களின் கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அவரை உதவிக்கு அழைத்தனர். மருத்துவரான அவருடைய தந்தை வர முன்வந்தும், ஆடவர் மருத்துவம் பார்ப்பதை அவர்களது வழக்கம் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இந்தியாவை விட்டு நீங்கிவிட எண்ணியிருந்த அவர், மருத்துவம் கற்றுத் திரும்பி வருவதற்காகவே கடல் கடந்தார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஆயினும், மருத்துவர் ஒருவர் எத்தனை பேரின் அருகில் இருத்தல் இயலும்? அறுவைக்குப்பின் இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்க்கவும் புண்ணைத் தூய்மை செய்யவும் பயின்ற கைகள் வேண்டியிருந்தன. பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் பணியை இழிவெனக் கருதிய காலம் அது. பெற்றோர் தம் பெண்மக்களை அனுப்பத் தயங்கினர். அத்தயக்கத்துக்கிடையே 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியே அதற்கு ஒன்பது ஆண்டுகள் பிந்தித்தான் வந்தது.

பயிற்சிப் பள்ளியின் சான்றிதழே நெடுங்காலம் செவிலியர் கல்வியின் எல்லையாக இருந்தது. 1946-இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் வேலூரில் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. மருத்துவரைப் போன்றே செவிலியரும் பட்டம் பெறலாயினர். அவ்வாண்டிலேயே ஐடா ஓய்வு பெற்றார். 1960-இல் கொடைக்கானலில் மறைந்தார்.