எம்டன் கேப்டனின் குண்டுக் கணக்கு

சைலண்ட் ஹன்டர் மாதிரி நீர்மூழ்கி கேம் ஆடுறவங்களா நீங்க? அப்போ இது தெரிஞ்சிருக்கும். டார்பிடோவை மிச்சம் பிடிக்க, தனியா வர்ற சரக்குக் கப்பல் மேல டெக் பீரங்கியால சுட்டுத் தள்ளுவோம். திரையில் குண்டு எண்ணிக்கை குறையும். துறைமுகம் திரும்பினா மறுபடி நிரம்பிடும். நிரம்பவே வழியில்லைன்னா எப்படி ஆடுவீங்க? அந்த நிலைமையில் நிஜமாவே போர் செய்த ஒருத்தர் நம்ம சென்னை வரைக்கும் வந்திருக்கார்.

பெயர் கார்ல் ஃபான் முல்லர். 1873 ஜூன் 16-ல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தார். 1891-ல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியில் இருந்தபோது பிடித்த மலேரியா கடைசிவரை அவரை விடவில்லை. 1913-ல் எம்டன் கப்பலுக்கு கேப்டன் ஆனார்.

எம்டன் நீர்மூழ்கி இல்லை, சின்ன போர்க்கப்பல். அதில் 10.5 செ.மீ. பீரங்கிகள் 10 இருந்தன. நீங்க கேம்ல ஓட்டுற டைப் 9 நீர்மூழ்கியின் டெக் பீரங்கிக்கும் இதே குழாய் அளவுதான், ஆனா அது பிந்தைய தலைமுறைப் பீரங்கி. பீரங்கிக்கு 150 வீதம், எம்டன் மொத்தம் சுமார் 1,500 குண்டுகள் சுமக்கும்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியதும், முல்லர் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். பிடிபட்ட கப்பல்களில் நிலக்கரி கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது. ஆனா பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ஜெர்மன் பீரங்கிக்கான குண்டு எங்கே இருக்கும்? ஆரணியில் தறி நெய்யுறவங்களுக்கு இந்தக் கணக்கு சட்டுனு புரியும். ஆனா ஜரிகை நடுவுல தீர்ந்தா அவங்க வாங்கிட்டு வரலாம். முல்லருக்குக் கடையே கிடையாது.

அதனால சரக்குக் கப்பலைப் பிடிச்சா, முதல்ல ஆட்களைப் பத்திரமா இறக்குவார். பிறகு பல கப்பல்களை அடிப்பக்க வால்வைத் திறந்துவிட்டோ, வெடி வைத்தோ மூழ்கடித்தார். கேம்ல இந்த வேலையே இல்லை, நேரா சுட வேண்டியதுதான்.

இவ்வளவு கணக்குப் பார்த்தவர், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் சுமார் 125 குண்டுகளைச் செலவழித்தார். கையிருப்பில் கிட்டத்தட்ட 8 சதவீதம். குறி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. குறைந்தது 5 பேர் இறந்தார்கள். நகரத்தை விட்டு ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். பிரிட்டிஷ் கடற்படை இருக்கிற வரை பயமில்லை என்ற நம்பிக்கையை உடைக்கத்தான் அந்த 125. கில்லாடியான ஆளை நம்ம ஊரில் இன்றும் எம்டன்னு சொல்றது அதிலிருந்து வந்ததுதான். எந்த கேமும் இந்தச் சேதத்தைப் புள்ளியாகக் காட்டாது.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எதிரே வந்தது. எம்டன் குண்டு சுமார் 17 கிலோ, சிட்னியின் 6 அங்குலக் குண்டு 45 கிலோ. முதலில் குறி தப்பாமல் அடித்தது எம்டன்தான். ஆனா போய் விழுந்த குண்டுகளில் பல வெடிக்கவே இல்லை. சிட்னியில் 4 பேர் இறந்தார்கள், எம்டனில் 130-க்கும் மேல். கேம் செய்கிறவர்கள் எடையைச் சரியாகப் போடுவார்கள். வெடிக்காத குண்டையும் போட்டால்தான் அது நிஜம்.

முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி, மிச்சமிருந்தவர்களோடு சரணடைந்தார். மால்டாவில் சிறை, பிறகு இங்கிலாந்து. அங்கே முகாமாக மாற்றப்பட்ட ஒரு விவசாயக் கல்லூரியிலிருந்து 1917-ல் சுரங்கம் வழியாக 20-க்கும் மேற்பட்ட கைதிகளோடு தப்பினார், மறுபடி பிடிபட்டார்.

போர் முடிந்தபின் எம்டன் கதையைப் புத்தகமாக எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எழுதினால் பணமும் புகழும் வந்திருக்கும். இறந்துபோன தன் ஆட்களின் ரத்தத்தில் காசு பார்ப்பதாகும் என்று மறுத்துவிட்டார். 1923 மார்ச் 11-ல், 49 வயதில், மலேரியா பலவீனமாக்கிய உடம்போடு இறந்தார்.

சென்னை போனீங்கன்னா, ஹைகோர்ட் மதில் பக்கம் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கு, பாருங்க. அந்த 125-ல் ஒண்ணு விழுந்த இடம் அது.