மகன்மை என்னும் கொடை: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வாழ்வில் இறைத்தந்தைமையும் கனிதரும் விசுவாசமும்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்குத் (1774–1864) தனியிடம் உண்டு. குறவஞ்சி, நாடகம், கும்மி, ஏற்றப்பாட்டு, கீர்த்தனை, மாலை எனத் தம் காலத்தில் வழங்கிய வடிவங்கள் பலவற்றையும் கிறித்தவப் பொருளுக்கு இசைவித்தவர் அவர். அவருடைய இலக்கியப் பங்களிப்பு பலராலும் ஆராயப்பட்டுள்ளது. எனினும், இறைவனைத் தந்தையாகக் கொள்ளும் கிறித்தவக் கோட்பாடு அவர்தம் வாழ்க்கை அனுபவத்தோடு எவ்வாறு பிணைந்திருந்தது என்பது தனியே நோக்கத்தக்கது. தந்தையன்பைப் பிறப்பால் வந்த உரிமையாக மட்டுமன்றி, கொடையாகப் பெற்ற உறவாகவும் அவர் அறிந்திருந்தார். அவ்வறிவு அவருடைய வாழ்விலும் படைப்பிலும் எத்தகைய கனிகளைத் தந்தது என்பதையும், எவ்விடத்தில் முழுமை பெறாது நின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறப்பும் பெற்ற தந்தையும்

வேதநாயகர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பாளையங்கோட்டையில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், வேளாளர் மரபினர், அருணாசலம் என்னும் இயற்பெயருடையவர், கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, பின்னர்ச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். தாயார் ஞானப்பூ அம்மையார். தமிழ்ப் புலமையும் சமயப் பற்றும் இணைந்திருந்த அக்குடும்பச் சூழலில் வேதநாயகருக்கு இளமையிலேயே செய்யுள் நாட்டம் வாய்த்தது.

அக்காலத்தில் பாளையங்கோட்டையில் சிறியதொரு சீர்திருத்தச் சபை உருவாகியிருந்தது. அங்கேயே 1778இல் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண்ணின் முயற்சியால் ஒரு கோயில் எழுந்தது. அக்கோயிலின் பொருட்டு 1785இல் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு பாளையங்கோட்டைக்கு வந்தார். அவ்வருகையே வேதநாயகரின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது. சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்ட சுவார்ட்சு, அவனைத் தம்முடன் தஞ்சைக்கு அனுப்புமாறு தேவசகாயத்திடம் வேண்டினார். ஒரே மகனைப் பிரிய அத்தந்தையின் மனம் முதலில் இசையவில்லை, பின்னரே இசைந்தார். அன்பினால் பற்றி நின்றதும் அன்பினாலேயே விட்டுக்கொடுத்ததும் ஆகிய இருநிலைகளையும் இந்நிகழ்வில் காணலாம்.

சுவார்ட்சின் இல்லம்

சுவார்ட்சு 1726இல் பிரசியாவின் சோனன்பர்க்கில் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திருச்சிராப்பள்ளியிலும் பின்னர்த் தஞ்சையிலும் பணியாற்றியவர். திருமணம் செய்துகொள்ளாத அவருடைய இல்லம் தந்தையில்லாதாருக்கும் பிறர் பிள்ளைகளுக்கும் புகலிடமாக விளங்கியது. அவர்தம் அரவணைப்பில் வளர்ந்தோருள் மூவர் குறிப்பிடத்தக்கவர். முதலாமவர், சக மறைப்பணியாளர் ஒருவரின் மகனாகிய யோவான் காஸ்பர் கோலாப். இரண்டாமவர், பாளையங்கோட்டையிலிருந்து வந்த வேதநாயகர். மூன்றாமவர், துளசா மன்னரால் 1787இல் மகன்மை கொள்ளப்பட்டு, சுவார்ட்சின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்ட இரண்டாம் சரபோசி.

ஒருவர் செருமானியர், ஒருவர் தமிழர், ஒருவர் மராத்தியர். ஒருவர் மறைப்பணியாளரானார், ஒருவர் கவிஞரானார், ஒருவர் அரசரானார். சரபோசி இறுதிவரை கிறித்தவராகவில்லை. ஆயினும் மூவரும் குருதியுறவில்லாத ஒருவரைத் தந்தை நிலையில் வைத்து மதித்தனர். சுவார்ட்சு 1798 பிப்ரவரி 13 அன்று மறைந்தபின், சரபோசி மன்னர் அவருக்குச் சலவைக்கல் நினைவுச்சின்னம் ஒன்றை எடுப்பித்தார். ஆங்கிலச் சிற்பி யோவான் பிளாக்சுமன் வடித்த அச்சிற்பம், மரணப்படுக்கையிலுள்ள சுவார்ட்சின் அருகே இளவரசர் நிற்கும் காட்சியைக் காட்டுகிறது. பெற்ற தந்தைக்கு மகன் ஆற்றும் கடனை ஒத்தது இச்செயல் எனலாம்.

இவ்வில்லத்தில் வளர்ந்த வேதநாயகர் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டு, அங்கு இறையியலையும் மேலை அறிவியலின் அடிப்படைகளையும் கற்றார். 1794இல் தஞ்சையில் சுவார்ட்சு நடத்திய பள்ளிக்குத் தலைமையாசிரியரானபோது அவருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை. அத்துணை இளையவரை நம்பி அப்பொறுப்பை அளித்ததில், வளர்த்தவரின் அன்பு நம்பிக்கையாக முதிர்ந்திருந்தமை புலனாகிறது.

தந்தைமைக் கோட்பாடும் கவிஞரின் படைப்பும்

மனிதர் கடவுளின் பிள்ளைகளாவது இயல்பால் அன்று, அருளால் என்பது புதிய ஏற்பாட்டுக் கோட்பாடு. பவுல் தம் திருமுகங்களில் இதனைச் சுவிகாரம் என்னும் சட்டவழக்கால் விளக்குகிறார். சுவிகாரம் பெற்ற பிள்ளை, தகுதி காட்டி உரிமை பெறுவதில்லை. அழைப்பவரின் விருப்பமே உறவின் அடிப்படையாகிறது. இக்கோட்பாடு தமிழ்க் கிறித்தவர் பலருக்கு நூலறிவாக வந்தது. வேதநாயகருக்கோ தம் பதினொன்றாம் அகவையிலிருந்தே அது வாழ்வறிவாக இருந்தது.

இதன் தாக்கத்தை அவர்தம் படைப்புகளின் வடிவத் தேர்விலும் உணரலாம். 1800இல் இயற்றப்பட்ட பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி இறைமகன்மீது காதல் கொள்கிறாள். குறத்தி ஞானசிங்கி நற்குறி கூறுகிறாள். குறவஞ்சிக்குரிய மலைவளமும் நாட்டுவளமும் கூறும் பகுதிகளில் அக்காலத்துப் புவியியல், வானியல் செய்திகளைக் கவிஞர் இணைத்தார். தாம் படைத்த உலகைப் பேணும் தந்தையை அறிய, அவ்வுலகை அறிவதும் வழியாகும் என்னும் எண்ணம் இதன் அடித்தளமாகலாம். 1814இல் பாடிய சாஸ்திரக் கும்மியில் மூடநம்பிக்கைகளை எள்ளி நகையாடியதையும் இவ்வெண்ணத்தோடு பொருத்திக் காணலாம். அன்புடைய தந்தையின் ஆளுகையில் வாழ்வதாக நம்புவோர், சகுனத்துக்கும் நாள்கோளுக்கும் அஞ்சவேண்டியதில்லை.

ஞான நொண்டி நாடகம் தனிக் கவனத்துக்குரியது. நொண்டி நாடகத்தின் தலைவன் தீயொழுக்கத்தால் பொருளிழந்து, களவில் ஈடுபட்டு, தண்டனையாக உறுப்பிழந்து, இறுதியில் இறையருளால் மீட்சியடைபவன். வீட்டைவிட்டு அகன்று அனைத்தையும் இழந்தபின் தந்தையிடம் திரும்பும் மகனைப் பற்றிய விவிலிய உவமைக்கும் இவ்வமைப்புக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படையானது. தமிழில் முன்பே நிலவிய இவ்வடிவத்தைக் கிறித்தவ மீட்புச் செய்திக்கு வேதநாயகர் தேர்ந்தது, மரபின் உள்ளிருந்தே அச்செய்திக்கு இடங்கண்ட திறத்தைக் காட்டுகிறது.

ஏற்றப்பாட்டும் கும்மியும் கற்றோர் அவைக்குரியவை அல்ல. ஏற்றமிறைப்போரும் கும்மியடிக்கும் மகளிரும் தம் நாவால் பாடுவதற்குரியவை. இவ்வடிவங்களையும் அவர் ஏற்றுக்கொண்டதால், விசுவாசம் கோயிலின் எல்லை கடந்து வயலுக்கும் முற்றத்துக்கும் சென்றது. கனிதரும் விசுவாசம் என்பதற்கு அவருடைய வாழ்வு தரும் முதற்பொருள் இதுவே.

நறுக்கப்பட்ட கொடி

திராட்சைக் கொடி பற்றிய நற்செய்தி உவமையில், தந்தை தோட்டக்காரராகக் காட்டப்படுகிறார். கனிதராத கிளை அகற்றப்படுகிறது. கனிதரும் கிளையும் மிகுதியாகக் கனிதரும்பொருட்டு நறுக்கப்படுகிறது. கனியுடைமை துன்பத்திலிருந்து விலக்களிப்பதில்லை என்பது இவ்வுவமையின் உட்பொருள். வேதநாயகரின் பிற்கால வாழ்வை இவ்வுவமையின் துணைகொண்டு நோக்கலாம்.

சுவார்ட்சின் தலைமுறைக்குப்பின் தஞ்சைக்கு வந்த புதிய மறைப்பணியாளர்களுக்கும் அவருக்கும் 1820களில் கடுமையான முரண்பாடு எழுந்தது. அவருடைய முறையீடுகள் நான்கு. பப்ரிசியுசின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு மாற்றாக இரேனியுசின் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்துதல் முதலாவது. சாதி வேறுபாட்டை விடுமாறு சபையாரைக் கட்டாயப்படுத்துதல் இரண்டாவது. விழாக்களிலும் சடங்குகளிலும் மலர்களை விலக்குதல் மூன்றாவது. வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாடல்களை நீக்குதல் நான்காவது. இம்முரண்பாட்டின் விளைவாக 1829இல் அவர் தம் பணியை இழந்தார். அறுபதை நெருங்கும் அகவையில், தாம் வளர்ந்த நிறுவனத்தின் வாயில் அவருக்கு அடைபட்டது.

அந்நிலையில் அவருக்குத் துணைநின்றவர் சரபோசி மன்னர். வேதநாயகரை அரசவைக் கவிஞராக்கி அவர் ஊதியமளித்தார். ஒரே வளர்ப்புத் தந்தையின் நிழலில் வளர்ந்த இருவருள், கிறித்தவரல்லாதவர் கிறித்தவக் கவிஞரைத் தாங்கிய இந்நிகழ்வு, சுவார்ட்சு விதைத்த அன்பு எதிர்பாராத நிலத்திலும் பலனளித்ததற்குச் சான்றாகும். 1832இல் மன்னர் மறைந்தபின் அவ்வாதரவும் நின்றது. எனினும் வேதநாயகர் பாடுவதை நிறுத்தவில்லை. பதவியோ புரவலரோ இல்லாத முதுமையிலும் கிறித்தவ சபைகளிடையே பாடியும் பொருளுரைத்தும் வந்தார்.

முழுமை பெறாத கனி

வேதநாயகரின் முறையீடுகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. தமிழிசையையும் மலரையும் காக்க அவர் எழுப்பிய குரல் பண்பாட்டுரிமைக் குரலாகும். பிற்காலத் தமிழ்ச் சபைகள் அவர் பக்கமே சாய்ந்தன. மொழிபெயர்ப்பு பற்றிய அவருடைய நிலைப்பாடும் ஆய்வாளர் விவாதத்துக்குரியது. ஆனால் சாதி பற்றிய நிலைப்பாட்டை இவற்றோடு சேர்த்து நியாயப்படுத்த இயலாது.

வழிபாட்டில் சாதிக்கேற்பப் பிரிந்தமர்தல் சமூக வழக்கமேயன்றிச் சமயக் கொள்கையாகாது என்பது அவர்தம் வாதம். சுவார்ட்சின் காலத்திலும் தஞ்சைக் கோயிலில் பிரிந்தமரும் வழக்கம் இருந்தது. அதனை வன்மையாக மாற்ற அவர் முயலவில்லை. தந்தை விட்டுச்சென்ற இல்லத்தின் வழக்கத்தை மகன் காக்க முற்பட்டார் என இதனை விளங்கிக்கொள்ளலாம். விளங்கிக்கொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. கோயிலின் மறுபக்கத்தில் அமர்த்தப்பட்டோர்க்கு அவ்வழக்கம் வெறும் ஒழுங்குமுறையாக இருந்திருக்காது. ஒரே தந்தையின் இல்லத்தில் தமக்குக் குறைந்த இடமே உண்டு என்னும் செய்தியாகவே அது சென்றடைந்திருக்கும். 1833இல் ஆயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை ஒழிக்குமாறு ஆணையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுண்டது, இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டுகிறது.

இங்குதான் அவருடைய வாழ்வின் மையமுரண் வெளிப்படுகிறது. பிறப்பால் வரும் உறவைக் கடந்த மகன்மையை அவரளவு அறிந்தோர் அக்காலத்தில் சிலரே. செருமானியர் ஒருவரின் இல்லத்தில் மகனாக வளர்ந்தவர் அவர்; மராத்திய இளவரசரோடு ஒருங்கு வளர்ந்தவர். இறைவன் முன்னிலையில் மனிதரின் நிலையைப் பிறப்பு தீர்மானிப்பதில்லை என்னும் முடிவு அவ்வனுபவத்திலிருந்து இயல்பாகவே பிறந்திருக்க வேண்டும். தமக்கு அருளாகக் கிடைத்த உறவின் இம்முழுப்பொருளைத் தம் சபையின் இருக்கை ஒழுங்குவரை அவர் கொண்டுசெல்லவில்லை. வளர்ப்புத் தந்தையின் வழக்கத்தைப் பின்பற்றியபோது, அவ்வளர்ப்பின் உட்பொருள் அவர் கையிலிருந்து நழுவியது எனலாம்.

வழிவந்த கனிகள்

ஆயினும் ஒரு வாழ்வின் கனி அவ்வாழ்வோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க மதுரை மறைப்பணியைச் சார்ந்த எட்வர்டு வெப், முதியவரான சாஸ்திரியாரை அணுகி அவர்தம் கீர்த்தனைகளைத் திரட்டினார். 1853இல் வெளிவந்த ஞானப்பாடல் தொகுப்பில் அக்கீர்த்தனைகள் பெரும்பங்கு வகித்தன. எவ்வழிபாட்டிலிருந்து தமிழ்ப்பாடல் நீக்கப்பட்டதாக அவர் முறையிட்டாரோ, அவ்வழிபாட்டுக்கே அவர் பாடல்கள் அச்சேறித் திரும்பின. 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் தஞ்சையில் அவர் மறைந்தபோது அகவை எண்பத்தொன்பது. அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவர்தம் வழித்தோன்றல்கள் பாட்டும் உரையுமாக அமைந்த காலட்சேப மரபைத் தொடர்ந்து பேணினர்.

அப்பாடல்களின் பிற்கால வரலாறு நினைக்கத்தக்கது. சாஸ்திரியார் எவரோடு ஒருங்கமர மறுத்தாரோ, அம்மக்களின் வழித்தோன்றல்களும் அவருடைய கீர்த்தனைகளைத் தமிழகத்துச் சபைகளில் பாடிவருகின்றனர். கவிஞர் வகுத்த எல்லையை அவருடைய பாடல் கடந்துசென்றது. கொடிக்கு உயிரளிப்பது கிளை அன்று என்னும் உவமைக்கருத்து இங்கு மெய்யாகிறது.

முடிவுரை

வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்வில் தந்தையன்பு மூன்று நிலைகளில் வெளிப்பட்டது. மகனை விட்டுக்கொடுத்த தேவசகாயத்திடம் அது தியாகமாயிற்று. அன்னியர் மகனை ஏற்றுக்கொண்ட சுவார்ட்சிடம் கொடையாயிற்று. இவ்விரண்டின் வழியாக இறைவனைத் தந்தையெனப் பாடிய கவிஞரிடம் நம்பிக்கையாயிற்று. அந்நம்பிக்கை தமிழ் இலக்கிய வடிவங்களில் கனிந்தது. பணியும் புரவலரும் அகன்ற காலத்திலும் வாடாது நின்றது. சாதி என்னும் எல்லையில் மட்டும் தயங்கியது. அத்தயக்கத்தை மறைத்து அவரைப் போற்றுவதும், அதனையே காட்டி அவரை ஒதுக்குவதும் ஆய்வு நேர்மைக்கு ஏற்றவை அல்ல. மகன்மை பிறப்பால் வருவதன்று என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று. அச்சான்றைக் கொண்டே அவருடைய நிலைப்பாட்டை மறுக்க முடிவது, அவர் பெற்ற அன்பு அவரினும் பெரிதாயிருந்தது என்பதைப் புலப்படுத்துகிறது.