தத்துவ போதக சுவாமியும் வாய்மையும்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் இடமுண்டு என்ற பொருளில் வள்ளுவர் கூறியதையும் பலர் எடுத்துக்காட்டுவர். அப்படியாயின் கிறிஸ்தவன் நல்ல காரியத்திற்காகப் பொய் சொல்லலாமா? இக்கேள்வி நம் தமிழகத் திருச்சபையின் தொடக்க காலத்திலேயே ஒரு குருவானவரின் வாழ்க்கையைச் சுற்றி எழுந்தது. தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியே அவர். இந்த ஜூபிலி மலரில் அவரை நினைவு கூர்வது நமக்குப் பயன் தரும்.

இத்தாலி நாட்டில் 1577-ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்த அவர், கர்தினால் பெல்லார்மினுக்கு உறவினர். செல்வத்தையும் பட்டத்தையும் துறந்து சேசு சபையில் சேர்ந்தார். 1605-ல் கோவாவில் வந்திறங்கி, 1606 நவம்பரில் மதுரையை அடைந்தார். அங்கே சங். கொன்சாலோ பெர்னாந்தஸ் சுவாமி பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்து வந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவ கிறிஸ்தவர்களின் ஆன்ம காரியங்களை அவர் கவனித்தார். ஆனால் மதுரை மக்களில் எவரும் மறையைத் தழுவவில்லை.

காரணம் ஒரே ஒரு சொல்: பரங்கி. போர்த்துக்கீசியரைக் குறித்த அச்சொல், மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, ஆசாரமின்றி வாழ்பவன் என்ற பொருளையும் பெற்றிருந்தது. கிறிஸ்தவனாவதென்றால் பரங்கியாவது என்று மக்கள் எண்ணினர். எனவே நொபிலி சுவாமி காவி உடுத்தினார். மரப் பாதுகை அணிந்தார். புலால் நீக்கி ஒருவேளை உணவோடு வாழ்ந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். அவருக்கு வடமொழி கற்பித்த சிவதருமர் என்ற பிராமணர் 1609-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

தாம் பரங்கி அல்லர் என்று சுவாமி வெளிப்படையாகவே சொன்னார். அவ்வாறு எழுதிய ஓலையை வீட்டு வாயிலிலும் வைத்தார். தாம் உரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்து உலகைத் துறந்த சந்நியாசி என்றும், தாம் போதிப்பது பரங்கியருக்கு மட்டும் உரிய மறையன்று, மெய்யான கடவுளின் மறை என்றும் அதில் அறிவித்தார். இது வஞ்சகம் என்று பெர்னாந்தஸ் சுவாமி மேலிடத்திற்கு எழுதினார். கோவாவின் அதிமேற்றிராணியாரும் எதிர்த்தார். கொடுங்கல்லூர் அதிமேற்றிராணியார் ரோஸ் ஆண்டகை சுவாமியை ஆதரித்தார். வழக்கு உரோமை வரை சென்றது. 1623 ஜனவரி 31-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், புதிய கிறிஸ்தவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை அஞ்ஞானக் கருத்து நீக்கி வைத்துக்கொள்ள அனுமதி அளித்தார்.

அதே 1623-ல் சுவாமி நம் பகுதிக்கே வந்தார். எருமப்பட்டிக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தை அப்போது ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். சேலத்திலோ முதலில் தங்க இடமின்றித் துன்புற்றார். பின்னர் அங்கும் நட்பு கிடைத்தது; நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார். சேலம் மறைமாவட்டம் 1930-ல் உருவாவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விதை விழுந்தது இவ்வாறுதான்.

சுவாமி சொன்னது பொய்யா? மனத்தில் உள்ளதற்கு மாறானதை, பிறரை ஏமாற்றும் கருத்தோடு சொல்வதே பொய். உயிரைக் காக்கவும் பொய் ஆகாது என்பது புனித அகுஸ்தினாரின் உறுதியான போதனை. பதிதரைக் கண்டுபிடிப்பதற்காகப் பதிதரைப்போல் நடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கும் கூடாதென்றே 420-ஆம் ஆண்டளவில் ஒரு நூல் எழுதினார். புனித தோமாஸ் அக்குவினாஸும் பொய் எப்போதும் பாவமே என்றார். ஆயினும் உண்மையை விவேகத்தோடு மறைத்து வைக்கலாம் என்று வேறுபடுத்திக் காட்டினார். அறிய உரிமையற்றவனுக்கு உண்மையை வெளியிடக் கடமையில்லை என்று 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது. வாய்பேசாதிருப்பது வேறு, பொய் பேசுவது வேறு.

இந்த அளவுகோலால் பார்த்தால் சுவாமி பொய் சொல்லவில்லை. அவர் போர்த்துக்கீசியர் அல்லர், உரோமையர். உயர்குடிப் பிறப்பும் உண்மை, துறவும் உண்மை. காவி அவருக்கு வேடமன்று. நடிப்பவன் திரை விழுந்ததும் உடையைக் களைவான். இவரோ ஆண்டுக்கணக்காக அந்த நோன்பையே வாழ்ந்தார். கிறிஸ்துவை அவர் யாருக்கும் மறைக்கவில்லை. ஞானோபதேச காண்டம் முதலிய நூல்களில் நம் மறையைத் தெளிவாகவே எழுதினார். 1640-ல் மதுரையில் சிறைப்பட்டார். பிற்காலத்தில் எசூர்வேதம் என்ற போலி நூலையும் சிலர் அவர் தலையில் சுமத்தினர்; அது அவர் இறந்து வெகு காலத்திற்குப் பின் பிரெஞ்சு மொழியில் எழுந்தது என்று அறிஞர் தெளிவுபடுத்தியுள்ளனர்.

ஆனால் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. வாயினால் மட்டுமல்ல, நடத்தையினாலும் பொய் கூறலாம். பரதவ கிறிஸ்தவர்களிடமிருந்தும் தம் சபைச் சகோதரரான பெர்னாந்தஸ் சுவாமியிடமிருந்தும் அவர் விலகி வாழ்ந்தபோது, ஒரே தந்தையின் பிள்ளைகள் நாம் என்னும் உண்மை மங்கலாயிற்று. எளிய மக்களிடமும் செல்லும் பண்டார சுவாமிகள் என்ற குருக்களை 1640 முதல் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனி இடம், கல்லறையிலும் சுவர் என்று தமிழகத் திருச்சபையில் பின்னர் வளர்ந்த அவலம் அனைத்துக்கும் அவர் ஒருவரே பொறுப்பல்லர். ஆயினும் சாதியின் வாசல் வழியாக நுழைந்த நற்செய்திக்கு அந்த வாசலை இடிப்பது கடினமாயிற்று என்பதே நம் கருத்து. ஒரே அப்பத்தில் பங்குகொண்டுவிட்டு வெளியே வந்ததும் சாதி பார்ப்பவன், ஒரு சொல்லும் பேசாமலே பொய்யனாகிறான்.

முதுமையில் சுவாமி யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டார். பின்பு மயிலாப்பூரில், பார்வை மங்கிய நிலையிலும் தவ வாழ்வைத் தளரவிடாமல், 1656 ஜனவரி 16-ல் ஆண்டவரில் துயில்கொண்டார்.

பங்கு மக்களே, நமக்கு ஓலையும் வழக்கும் இல்லை. சந்தையும் சம்பந்தமும் உண்டு. மாட்டின் நோயை மறைத்து விற்பவன், வாங்குபவன் அறிய உரிமையுள்ளதை மறைக்கிறான். அது விவேகமன்று, வஞ்சகம். மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தைப் பெண் வீட்டாருக்கு மறைப்பவன் ஆயிரம் பொய்யால் கல்யாணத்தை நடத்தவில்லை. ஒரு பெண்ணின் வாழ்வை அழிக்கிறான். பிறருடைய இரகசியத்தைக் கிணற்றடியில் சொல்லாமல் காப்பவனோ பொய்யன் அல்லன், அன்புள்ளவன். சொல்ல வேண்டியதைச் சொல்லவும், காக்க வேண்டியதைக் காக்கவும், சொன்னபடி வாழவும் இந்த ஜூபிலி ஆண்டில் இறைவனிடம் வரம் கேட்போமாக.