'ஆதிவாசி' என்ற சொல்லுக்காக வாதாடிய ஆக்கி வீரர்

குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. இந்தக் கரை ஒரு மாவட்டம். அந்தக் கரை வேறு மாவட்டம். சந்தைக்குப் போகிறவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் மலைவாழ் மக்களுக்கு இந்த ஆறு ஒரு வேலியாகிவிட்டது.

கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசுகிறவர்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. ஆற்றுக்கு மேற்கே, பர்கூர் மலையிலும் மலையாளிகள் உண்டு. பழங்குடிப் பட்டியல் எழுதியபோது, மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சில மாவட்டங்களைக் குறித்தார்கள். சேலம் இருந்தது. கோயமுத்தூர் இல்லை. பர்கூரோ அப்போது கோயமுத்தூர் மாவட்டம்! ஆகவே கொல்லிமலைப் பையனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைத்தது. பர்கூர்ப் பையனுக்கு இல்லை. கல்லூரி இடமும் உத்தியோகமும் அந்த ஒரு தாளில் இருந்தன. பர்கூர் மக்கள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்து அலைந்தார்கள்.

ஒரு பெயருக்கு இவ்வளவு வலிமையா? உண்டு என்று டில்லியில் உரக்கச் சொன்னவர் ஜெய்பால் சிங் முண்டா.

1903-ம் ஆண்டு, ராஞ்சிக்கு அருகே தக்ரா என்ற சிற்றூரில், முண்டா பழங்குடியில் அவர் பிறந்தார். ராஞ்சியில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். பையன் படிப்பில் கெட்டி, ஆட்டத்திலும் கெட்டி. பள்ளியின் தலைவராக இருந்த காஸ்கிரேவ் பாதிரியார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜெய்பால் பொருளாதாரம் படித்தார். ஆக்கியில் பல்கலைக்கழக அணியிலும் இடம் பெற்றார்.

பிறகு ஐ.சி.எஸ். பதவிக்குத் தேர்வானார். பெற்றோர் கனவு காணும் பதவி! அந்தச் சமயத்தில்தான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. இந்திய ஆக்கி அணிக்கு அவர் கேப்டன். மேலதிகாரிகள் லீவு தரவில்லை. ஜெய்பால் லீவு இல்லாமலே புறப்பட்டார். இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. அணிக்குள் ஏற்பட்ட மனத்தாங்கலால் இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. ஐ.சி.எஸ். பதவியும் போயிற்று.

எண்ணெய்க் கம்பெனி வேலை, ஆப்பிரிக்காவில் ஆசிரியர் வேலை, பிகானீர் சமஸ்தானத்தில் உத்தியோகம் என்று பல ஆண்டுகள் ஓடின. 1939-ல் ராஞ்சிக்கு வந்தார். ஆதிவாசி மகாசபை அவரைத் தலைவராக்கியது. கோட்டும் சூட்டும் போட்ட இந்த மனிதரை மக்கள் மராங் கோம்கே, அதாவது பெருந்தலைவர், என்று அழைத்தார்கள்.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் பேச எழுந்தார். தம்மை ஒரு காட்டுவாசி என்றே பெருமையோடு சொல்லிக்கொண்டார். இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்கள் எங்கள் மக்கள். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் வந்தவர்களே என்றார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுக்க வேண்டாம், அவர்களிடம்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். சபையில் பழங்குடிப் பெண் ஒருவர்கூட இல்லையே என்றும் கேட்டார்.

மதுவிலக்கு விவாதத்திலும் அவர் விடவில்லை. சோற்றிலிருந்து காய்ச்சும் கள் ஆதிவாசிகளின் வழிபாட்டில் சேர்ந்தது. நாள் முழுவதும் தண்ணீரில் நின்று நாற்று நடும் சந்தால் மக்களுக்கு அது வேண்டும் என்று வாதாடினார். மதுவிலக்கு 1937-ல் முதலில் வந்ததே சேலம் ஜில்லாவில்தான். குமாரபாளையத்துத் தாய்மார்கள் இந்த வாதத்தை ஒப்பியிருக்க மாட்டார்கள்!

பெயர் விஷயத்தில்தான் அவர் மிகவும் பிடிவாதமாக இருந்தார். காட்டு ஜாதி என்று பொருள்படும் சொல் வேண்டாம், ஆதிவாசி என்றே எழுதுங்கள் என்று கேட்டார். காட்டு ஜாதி என்றால் இரங்கத்தக்கவன். ஆதிவாசி என்றால் நிலத்துக்கு முதல் உரிமைக்காரன். சபை அதை ஏற்கவில்லை. பட்டியலில் இடம் பெறும் பழங்குடி என்றே சட்டம் ஆயிற்று. பட்டியல் என்று வந்தால், அதில் விட்டுப்போகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா?

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டசபையில் 30-க்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. ஆனால் கேட்ட தனி மாநிலம் கிடைக்கவில்லை. 1963-ல் கட்சியைக் காங்கிரசில் சேர்த்துவிட்டார். தொண்டர்கள் பலர் மனம் உடைந்தார்கள். அது அவர் செய்த பெரிய தவறு என்றே சொல்ல வேண்டும். 1970 மார்ச்சில் டில்லியில் காலமானார்.

அவர் கேட்ட கேள்வியை உலகமும் கேட்டது. 1957-ல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தம் செய்தது. பழங்குடிகள் வழிவழியாக வாழும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்று அது கூறியது. 1958-ல் இந்தியா அதை ஏற்றது. ஆனால் பழங்குடிகள் மற்றவர்களோடு கரைந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்தக் குறையை நீக்கி 1989-ல் வேறு ஒப்பந்தம் வந்தது. அதில் இந்தியா சேரவில்லை. 2007-ல் ஐ.நா. சபை, பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஆனால் சுதந்திரத்தின்போது இங்கே இருந்த எல்லாருமே பூர்வகுடிகள்தான் என்பது அரசாங்கத்தின் நிலை. ஜெய்பால் சிங் இருந்திருந்தால் அங்கேயும் எழுந்து நின்றிருப்பார்.

2000 நவம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. ராஞ்சியில் ஆக்கி மைதானத்துக்கு ஜெய்பால் சிங் பெயர் இருக்கிறது. அந்த மாநில அரசு அவர் பெயரில் ஓர் உதவித்தொகையும் ஏற்படுத்தியது. அதைப் பெற்று, 2021 முதல் ஆதிவாசி மாணவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலில் அல்ல, விமானத்தில் படிக்கப் போனார்கள்.